கோட்டுக்குக் கீழே

ஹெலினா நகரில் பிப்ரவரி.
பனிவாரும் வண்டி
வாரிய தெருவையே மறுபடி வாருகிறது.
உள்ளே நீள மேசையில் ஒன்பது பேர்,
இருநூற்றுச் சொச்சம் பறவைகள்.
எக்செல் கோப்பு என் பொறுப்பு.
வாயைத் திறக்கும் பொறுப்பு எனக்கில்லை.

ஒவ்வொரு பறவைக்கும் ஐந்து கேள்வி.
எத்தனை மிச்சம். எவ்வளவு பரப்பில்.
குறைகிறதா. எதனால்.
நம்மால் ஆகக்கூடியது ஏதும் உண்டா.
ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண்.
பள்ளிக்கூடம் மாதிரிதான், என்ன,
இங்கே முதல் ரேங்க் வாங்கிய பிள்ளைக்கு
யாரும் கைதட்டுவதில்லை.

எல்லாப் பாடத்திலும் ஒன்று வாங்கிய மேக்பை
கார் நிறுத்தத்தில்
யாரோ சிந்திய பிரெஞ்சு ஃப்ரையை
நிதானமாகத் தின்கிறது.

சேஜ் கோழிக்கு நாற்பது நிமிடம் போயிற்று.
பண்ணைக்காரர் சங்கத்து ஆள்
நான்கை மூன்றாக்கச் சொன்னார்.
நான்கு நான்காகவே நின்றது.
காபி தீர்ந்துபோனது.

பிறகு கரிய உழவாரன்.
"எத்தனை இருக்கும்?" வெர்லின் ஆஸ்கலாண்ட் கேட்டார்.
மேசை தன் நகங்களைப் பார்த்துக்கொண்டது.
தெரியாது என்று எழுத இடமில்லை.
தெரியாததற்கு மூன்று.
விதிமுறை, பக்கம் பதினெட்டு.
குறைகிறதா? மூன்று.
நான் மூன்றைத் தட்டிக்கொண்டே போனேன்.

ஜூலையில் மிஷன் மலையில்
ஓர் அருவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம்,
ரோண்டா ஸ்டாங்கரும் நானும்.
பேச்சு கேட்காத இரைச்சல்.
சாரலில் படிவத்தின் மை கரைந்தது.
தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
இதற்கோ எல்லாக் கோடையிலும்
தலைக்கு மேல்தான் வெள்ளம்.
அதன் முதுகுப்புறம், பாசிக் கிண்ணத்தில்
வருடத்துக்கு ஒரே முட்டை.
கூடு இருக்கிறது என்று நம்பித்தான்
மூன்று மணி நேரம் நனைந்தோம்.
ஒன்பதே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால்
இருட்டில் ஒரு துண்டு கழன்று வந்து
தண்ணீருக்குள் போயிற்று.
ரோண்டா என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.
அவ்வளவுதான்.
ஓர் ஆண்டில் ஒரு பறவை போக்கு ஆகாது.
அதற்கும் விதி உண்டு.

"எதனால்?"
மேலே பனி சுருங்குகிறது,
ஆகஸ்டிலேயே அருவி மெலிகிறது என்றார் ஒருவர்.
"ஆகக்கூடியது?"
பனிக்கு வேலி போட முடியாது.
ஒன்று.

பணம் பன்னிரண்டு பறவைகளுக்கு.
பன்னிரண்டாம் இடத்தில் இரண்டு பேர்:
உழவாரனும், வடக்குப் புல்வெளியின்
ஸ்ப்ரேக் நெட்டைக்காலியும்.
நெட்டைக்காலி ஒன்றும் தப்புச் செய்யவில்லை.
உழவுக்குப் போகாத புல்லைத் தேடித் தேடி
வானத்தில் தொங்கியபடி
அதுவும் பாடிப் பாடிக் குறைகிறது.

கை தூக்கச் சொன்னார் வெர்லின்.
நான்குக்கு நான்கு.
கடைசிக் கை ரோண்டாவுடையது.
"புல்லை விலைக்கு வாங்கலாம்" என்றாள்,
"பனியை எந்தக் கடையில் வாங்குவது?"
நெட்டைக்காலிக்குத் தூக்கினாள்.
சரியான பதில்தான். நானும்
அதைத்தான் சொல்லியிருப்பேன்.
கையை இறக்கிய பிறகும்
அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டுக்குக் கீழே தடித்த கோடு போட்டேன்.
பதின்மூன்று உழவாரன்.
தலைப்பு வரி ஒன்று இருப்பதால்
கோப்பில் அது பதினான்கு.
எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டு,
நான்காம் தெருவில் சூப் நன்றாக இருக்கும் என்று
பேசிக்கொண்டே போனார்கள்.

வலது ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு பத்தி.
அச்சில் வராது. யாரும் படிப்பதில்லை.
அதில் எழுதினேன்:
ஜூலை 19, இரவு 9.41. ஒன்று.
உள்ளே போனது.
வெளியே வந்ததைப் பார்க்கவில்லை.